நொர்மானின் வயலில் பொங்கிய பானை

லொங்குய்யைப் பிறப்பிடமாகவும் கர்க்லாண்டை வதிவிடமாகவும் கொண்டதும், வலது கையுறையின் அன்புத் துணையுமாகிய என் இடது கையுறை, கடந்த தைப்பொங்கலன்று காணாமல் போய், நேற்று முன்தினம் எங்கள் வீட்டுக் கராஜில் உயிருடன் கண்டெடுக்கப்பட்டது என்பதை ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தகவல்: அப்பா.

அன்பு மனே, பயப்படாதே, ஒருவரும் சாகவில்லை. இந்த வயதில் எங்கள் ஆட்கள் விடாமல் வாசிப்பது மரண அறிவித்தல்களை மட்டும்தான், அதனால் எனக்கும் அந்த நடைதான் கைவருகிறது. உன் கலியாணத்துக்கு வேண்டும் என்று அம்மா பொங்கல் பானையைத் தேடினாள். மேல்தட்டில் இருந்த பானைக்குள் கையை விட்டேன், ஒரு கை கிடைத்தது. கையுறையை எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டு அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதம் நீ நகரத்துக் கோட்-டெ-நெய்ஜ் வீட்டைக் காலிசெய்துவிட்டு, எமிலியோடு அவளுடைய ஊருக்குப் போய்விடுவாய். அங்கே சின்ன ஆஸ்பத்திரி, சின்ன ஏரி, இரண்டு மணித்தியால ஓட்டம். போகிற பிள்ளைக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஆசை. அம்மாவின் கணிப்பில் எனக்கு இன்னும் பதினாறு வயது தாண்டவில்லை. ஆகவே பதினாறு வயதுப் பொடியன் ஒருவன் தன் மகனுக்குப் புத்தி சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு வாசி.

எமிலியின் அப்பா ஜில்லின் வீட்டுக்கு நாங்கள் முதல்முதல் போன நாள் உனக்கு நினைவிருக்கும். மனிதரின் பெயரே ஜில், வேலையும் பனியில், அந்த ஊர்ப் பனிவண்டிக் கழகத்துக்கு அவர்தான் பாதைப் பொறுப்பாளர். நான் இந்த நகரத்து உணவகங்களில் குளிர்சாதனம் திருத்துகிறவன். இரண்டு குளிர்ந்த மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன நடக்கும்? உறைந்துபோய் இருந்தோம். என் பிரெஞ்சு முழுக்கச் சமையற்கட்டுப் பிரெஞ்சு. குளிருது, குளிரேல்லை, காஸ் ஒழுகுது, நாளைக்கு வாறன். இந்த நாலையும் வைத்துக்கொண்டு சம்பந்தியோடு என்னத்தைக் கதைப்பது? நான் எழும்பிப் போய் அவருடைய பிரிட்ஜைத் திறந்து பார்த்து, நன்றாகக் குளிருது என்று பாராட்டினேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். எமிலி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் எடுக்கப் போனாள். அப்போதுதான் ஜில் என் தோளில் தட்டி, பின்பக்கக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய்த் தன் பனிவண்டியைக் காட்டினார். அதைச் சுற்றிச் சுற்றி வந்து அவர் கதைத்த கதையில் எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆனால் அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் விளங்கியது. கண்டதும் காதல், மனே! 'நானும் ஒன்று வாங்கப் போறன்' என்று அந்த இடத்திலேயே சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க எந்த மொழியிலும் ஆள் இல்லை.

பனிமேல் எஞ்சினில் ஓடுகிற இந்தப் பனிவண்டிக்கு இங்கே பிரெஞ்சில் மொத்தோநெஜ் என்று பெயர். மொத்தமும் நெசமாகவே போய்விடும் என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. லொங்குய்யில் ஒருவரிடம் பழைய வண்டி வாங்கினேன், கையுறைகளை அவர் இனாமாகத் தந்தார். விலையை இங்கே எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தை அம்மா வாசிப்பாள். வண்டி வாங்கியது சின்னச் செலவு. வண்டியை ஏற்ற ட்ரெய்லர், ட்ரெய்லரை இழுக்கக் காருக்குக் கொக்கி, பதிவு, காப்புறுதி, எண்ணெய், முதல் நாளே அறுந்துபோன பெல்ட், அது இனியும் அறும் என்று இன்னொரு பெல்ட். பாதையில் ஓடுவதற்கு ஒவ்வொரு குளிர்காலமும் கழகத்தில் ஒரு அட்டை எடுக்க வேண்டும். அந்தக் காசில்தான் பாதையைச் செப்பனிடும் பெரிய இயந்திரம் ஓடுகிறது. அதை ஓட்டுகிறவர்களும், பாதையோரம் அடையாளக் குச்சி நடுகிறவர்களும், விழுந்த மரத்தை வெட்டுகிறவர்களும் பெரும்பாலும் சம்பளமில்லாத ஊர்ச்சனம். பிறகு உடுப்பு. காற்றுப் புகாத சட்டை, முழங்கால் வரை சப்பாத்து, மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்காமல் இருக்க மின்சாரத்தில் சூடாகிற ஹெல்மெட். எல்லாவற்றையும் போட்டு, உள்ளே மங்கி கேப்பும் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, ஆரோ உங்களுக்குக் காத்தடிச்சு விட்டிருக்காங்க."

"இது தொழில்முறை உடுப்பு, புள்ள."

"ஓம், ஓம். இந்தக் காசுக்கு நாலு தரம் மட்டக்களப்புக்குப் போய் வந்திருக்கலாம். அங்க வெயில் சும்மா கிடைக்கும்."

ஆனால் நான் ஓடிய ஓட்டத்தை நீ கேள்விப்பட்டிருப்பாய். நானேதான் உனக்குப் பத்துத் தரம் சொன்னேன். முதல் கிழமையே ஜில்லை முந்தினேன். வளைவுகளில் சாய்ந்து, மேட்டில் பறந்து, உறைந்த ஏரியைக் குறுக்கறுத்து ஓடினேன். கர்க்லாண்டின் பனிப்புலி என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டேன், வேறு ஒருவரும் முன்வராததால். பாதை நடுவே கழகத்தாருக்கு ஒரு குடில் இருக்கிறது. விறகு அடுப்பு, நீளமான மேசைகள், சுவர் முழுக்க ஈரக் கையுறைகள். அங்கே அம்மாவின் ஆட்டிறைச்சி ரோல்ஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எங்களுக்கு அடுப்புக்குப் பக்கத்தில் நிரந்தர இடம். குடிலில் பழுதாய்க் கிடந்த பிரிட்ஜையும் திருத்திக் கொடுத்தேன். வெளியே மைனஸ் இருபது, உள்ளே எதற்கடா பிரிட்ஜ் என்று கேட்டால், பியர் உறையாமல் இருக்க என்றார்கள். சூடாக்குவதற்காக நான் திருத்திய ஒரே பிரிட்ஜ் அதுதான். அதிலிருந்து அவர்களுக்கு நான் 'மிஸ்யூ ஃப்ரிகோ', பிரிட்ஜ் ஐயா. கதவைத் திறந்தால் பத்துப் பேர் சேர்ந்து கத்துவார்கள். மனே, முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் நான் உள்ளே வரும்போது பத்துப் பேர் சேர்ந்து சந்தோஷப்பட்டது அங்கேதான்.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருகிறவர்களுக்கு, எனக்குப் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரல்களால் காட்ட வேண்டும். கடைசியாக வருகிறவர் கையைப் பொத்திக் காட்டுவார். இன்னொன்று, பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவரின் விளக்குத் தெரிந்த பிறகுதான் திரும்பலாம். நீயும் எமிலியும் வேகமான ஆட்கள், இரண்டு பேருக்கும் வேலை, படிப்பு, திட்டம். யார் முன்னால் போனாலும் பரவாயில்லை, பிரிகிற இடத்தில் நின்று திரும்பிப் பார். புத்தி சொல்லி முடிந்தது. இனி உனக்குப் பாதி மட்டுமே தெரிந்த கதைக்கு வருகிறேன்.

நாங்கள் வழமையாக எங்கே பொங்குவோம்? குசினியில், மின்சார அடுப்பில், புகை மணி அலறாமல் இருக்க நான் துவாயால் விசிறிக்கொண்டு நிற்க. இந்த வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா சொல்வாள், எனக்கு யோசனை வந்தால் வீட்டில் தீயணைப்புக் கருவி எங்கே என்று பார்க்க வேண்டும் என்று. ஜில்லின் ஊரில், திறந்த வானத்தின் கீழ், சூரியனைப் பார்த்துப் பொங்குவோம்! உனக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை, ஜில் பாதை செப்பனிடப் போய்விட்டார். நானும் அம்மாவும் பானை, விறகு, கல் எல்லாவற்றையும் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். பாதை நொர்மான் என்ற விவசாயியின் வயலைக் கடந்து போகிறது. கிழக்குப் பக்கம் ஒரு மரம்கூட இல்லாத வெள்ளை வெளி. இதைவிட நல்ல முற்றம் எங்கே கிடைக்கும்? பாதையோரக் குச்சிகளைத் தாண்டி வயலின் நடுவே விட்டேன். பனி புதைந்தால் பானை சரியும் அல்லவா, அதனால் வட்டம் வட்டமாக ஓடி ஓடிப் பனியைக் கல்லு மாதிரி இறுக்கினேன். என்ன கெட்டித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அம்மா அரிசி மாவால் கோலம் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தால் கோலத்தைக் காணவில்லை, வெள்ளையில் வெள்ளை. "கோலம் எங்க?" என்றாள். "நீ போட்டது பனிக்கு மட்டும் தெரியும்" என்றேன். மஞ்சள் தூளை எடுத்துத் திரும்பப் போட்டாள், அது அந்த வெளியில் எரிகிற மாதிரி இருந்தது. பால் பொங்கியதும் வெடிக்குப் பதிலாக வண்டியின் எஞ்சினை உறுமவிட்டேன். "பொங்கலோ பொங்கல்" என்று இரண்டு பேரும் கத்தினோம். அந்தச் சத்தத்துக்குத்தான் பண்ணை வீட்டிலிருந்து நொர்மான் வந்தார். பனிச்சப்பாத்துப் போட்டு, அவசரமில்லாமல், நேராக வந்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை நம் தமிழில் போடுகிறேன், ஏச்சு எந்த மொழியிலும் ஏச்சுத்தான்.

"இதற்குக் கீழே என்ன இருக்கு, தெரியுமா?"

"பனி" என்றேன்.

"பனிக்குக் கீழே?"

அவரே சொன்னார். அவருடைய மாடுகளுக்கான தீவனப் பயிர் அங்கே உறங்கிக்கொண்டிருந்தது. லேசான பனிதான் அதற்குப் போர்வை. அதை நசுக்கி இறுக்கினால் போர்வை பனிக்கட்டியாகிவிடும், குளிர் வேருக்கு இறங்கிப் பயிர் செத்துவிடும். நான் வட்டம் போட்டு இறுக்கிய இடம் முழுக்க அவருடைய மாடுகளின் அடுத்த வருடச் சாப்பாடு. அம்மா ஒரு தட்டில் பொங்கலை வைத்து நீட்டினாள். இது எதற்கு என்று கேட்டார். என் பிரெஞ்சில் தடவித் தடவிச் சொன்னேன், இது அறுவடைப் பண்டிகை, விளைச்சலுக்காகச் சூரியனுக்கு நன்றி சொல்கிறோம் என்று. அவர் என்னைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், வண்டித் தடத்தைப் பார்த்தார்.

"என்னுடைய விளைச்சலின் மேலே ஏறி நின்றா?"

தட்டை வாங்காமல் திரும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் அவருடைய வயலின் இரண்டு முனைகளிலும் கயிறு கட்டியிருந்தது. பாதை மூடியாயிற்று.

உனக்கு இது வெறும் பாதை. அந்த ஊருக்கு அப்படி இல்லை. அந்த வயல் இல்லாவிட்டால் ஊருக்கும் குடிலுக்கும் தொடர்பு இல்லை, சுற்றிப்போக நெடுஞ்சாலை மட்டும்தான், அதில் வண்டி ஓட முடியாது. அங்கே பாதைகள் எல்லாம் காணிக்காரர்களின் நல்ல மனசில் கிடக்கின்றன. ஜில் ஒவ்வொரு இலையுதிர்காலமும் வீடு வீடாகப் போய்க் கைகொடுத்துப் பெற்றுவருகிற அனுமதி அது. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை கழகத்தார் குடிலுக்குப் போக வழியில்லாமல் காரில் ஊர் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனபோது ஒருவரும் 'ஃப்ரிகோ' என்று கத்தவில்லை. ஒருவர் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். எமிலி எனக்குத் தொலைபேசியில் எடுத்து, நீ சொல்லிக்கொடுத்த தமிழில், "மாமா, பப்பா சாப்பிடேல்லை" என்றாள். நீ எடுத்து, "அப்பா, விடுங்க. வண்டிய வித்துப்போடுங்க. பேந்து எல்லாரும் மறந்திடுவினம்" என்றாய். மறக்க மாட்டார்கள், மனே. அது சின்ன ஊர். அங்கே நீ ஊசி போடப் போகிற ஒவ்வொரு கையும், இவன் நொர்மானின் வயலை மிதித்தவனுடைய மகன் என்று உன்னைப் பார்க்கும். நீ வாழப் போகிற இடத்தில், நீ வருவதற்கு முன்பே உன் பெயரில் என் தடத்தைப் பதித்துவிட்டேன். எனக்கு நித்திரை போனது அதனால்தான்.

பிறகு நடந்தது என்று உனக்கும் ஜில்லுக்கும் கழகத்தாருக்கும் நான் சொன்னது இதுதான்: நான் தனியாகப் போனேன், ஆம்பிளைக்கு ஆம்பிளையாகப் பிரெஞ்சில் கதைத்தேன், முடித்தேன். முடிவு பொய்யில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை கயிறு அவிழ்ந்தது. பாதையை மரங்களோரமாக நகர்த்த வேண்டும் என்பது நொர்மானின் நிபந்தனை, கழகத்தார் எல்லாரும் வந்து என்னோடு குச்சிகளைப் பிடுங்கி நட்டார்கள். பயிர் செத்திருந்தால் நானே வந்து விதைக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. போன கிழமை பனி கரைந்ததும் அம்மாவோடு போய்ப் பார்த்தேன். வயல் முழுக்கப் பச்சை துளிர்த்திருக்கிறது, நடுவில் மட்டும் வண்டி சுற்றிய அளவுக்கு ஒரு மொட்டை வட்டம், என் தலையைப் பார்த்து வரைந்த மாதிரி. அடுத்த ஞாயிறு விதையோடு போகிறேன். நீயும் வந்தால் நல்லது, குனிந்து நிமிர எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

ஆனால் அந்த வீட்டுக்குள் நடந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கார் ஓட்டிப் போகும் வழியெல்லாம் நல்ல பிரெஞ்சில் ஒரு மன்னிப்பைப் பாடமாக்கினேன். நொர்மான் கதவைத் திறந்தார். எனக்கு வாயில் வந்தது 'காஸ் ஒழுகுது' மட்டும்தான். அதைச் சொல்லவும் சொன்னேன். மனிதர் பயந்து அடுப்பைப் பார்க்க ஓடினார். ஒன்றும் ஒழுகவில்லை என்று கண்டதும் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்த்து, கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். கோப்பி ஊற்றினார். பிறகு கேட்டார்:

"அந்த வண்டி மேல் அவ்வளவு பைத்தியமா உனக்கு?"

"நோன்", இல்லை, என்றேன்.

"என்ன?"

"எனக்கு அது பிடிக்காது. சத்தம். முதுகு நோகுது. குளிருது. எனக்குப் பயம்."

"பிறகு ஏன் வாங்கினாய்?"

உன்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் பிரெஞ்சு போதவில்லை. 'மோன் ஃபீஸ்', என் மகன், என்று சொல்லி ஜன்னல் வழியாக ஜில்லின் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். நொர்மான் கோப்பியைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமல் வரும்வரை சிரித்தார். அந்த எஞ்சின்களின் சத்தம் அவருக்கும் ஆகாதாம். ஜில்லின் முகத்துக்காகத்தான் இத்தனை வருடமும் வாயைத் திறக்கவில்லையாம். "இந்த ஊரில் அதைப் பிடிக்காத ஆள் நான் ஒருவன்தான் என்று நினைச்சன். இப்ப ரெண்டு பேர்" என்று கையை நீட்டினார். நான் ஒன்றும் முடிக்கவில்லை, மனே. அழாமல் இருக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர்தான் முடித்தார்.

ஆக, கர்க்லாண்டின் பனிப்புலி வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்கிறது. ஜில்லை நான் முந்திய அன்று அவர் மரத்துக்குப் பின்னால் ஒன்றுக்குப் போயிருந்தார். மேட்டில் நான் பறந்தது உண்மை, வண்டி கீழேயே நின்றுவிட்டது. கண்டதும் காதல் என்று மேலே எழுதினேன், அது சுத்தப் புளுகு. அந்த வண்டி எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. அம்மாவுக்கு இது முதல் நாளே தெரியும், அதனால்தான் வெங்காயம் அரிந்துகொண்டே நக்கலடித்தாள். இருந்தாலும் வருகிற குளிர்காலத்துக்கும் அட்டை எடுக்கத்தான் போகிறேன். கலியாணம் முடித்த மகனின் வீட்டுக் கதவைச் சனிக்கிழமை தோறும் தட்டி, சும்மா உன்னைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். வண்டி ஓட வந்தனான், வழியில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம் என்று நினைச்சன் என்றால் அவ்வளவு வெட்கமில்லை. அப்படி நான் வந்து நிற்கும்போது, எப்படி ஓடிச்சுது அப்பா என்று கேள். நான் கதை அளப்பேன். எமிலிக்கு முன்னால் சிரித்துவிடாதே.